அரைக் கிலோ கழிவு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நிரஞ்சலாவின் பொறாமை என்று சொல்லிவிட்டால் எனக்கு நல்லது. ஆனால் பதுளையில் நடந்த சுகாதாரக் கூட்டமொன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து, அவள் முகம் கறுப்பதைப் பார்த்து, ‘அட, நம்மைப் போல ஒருத்தி’ என்று மகிழ்ந்தவன் நான். அந்த வாரம்தான் என்னைவிட இளையவன் ஒருவனுக்குச் சிறுகதைப் பரிசு கிடைத்திருந்தது.

முதல் தொடக்கம்: பனி மூடிய மலைச்சரிவில் ஒரு தாய் தன்—

(வேண்டாம். பனியில் தொடங்கிய கதைகள் எங்கள் மலையில் தேயிலைச் செடியைவிட அதிகம்.)

இரண்டாவது: தெமோதரைப் பக்கம் பதினொரு வருடமாகக் குடும்பநல உத்தியோகத்தராக இருப்பவள் நிரஞ்சலா. குழந்தைகளின் உடுப்பைக் கழற்றி, விதிப்படி நிறுப்பவள். அவள் பகுதிப் பிள்ளைகளின் எடையைக் காட்டும் வரைபடக் கோடு ஏறாமல் படுத்தே கிடந்தது. அவளிடமே வேலை பழகிய சுதர்சினியோ, பூனாகலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், கொழுந்து மடுவத்திலேயே* குழந்தைகளை நிறுக்க ஏற்பாடு செய்தாள். ஒரே வருடத்தில் அங்கே எடைக் கோடு ஏறி, எடைகுறைந்த பிள்ளைகளின் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. பதுளைக் கூட்டத்தில் அந்தக் கோட்டைத்தான் சுவரில் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நிரஞ்சலாவும் தட்டினாள். வயிறு எரிந்தது.

* பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. அங்கே வந்தால் தாய்மாருக்கு கிளினிக் போய் அரைநாள் வேலையை இழக்க வேண்டியதில்லை. இந்த யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்பதுதான் நிரஞ்சலாவின் ஆற்றாமை.

2

திட்டத்தை மாகாணம் முழுக்கக் கொண்டுபோகுமுன் மதிப்பிட ஆள் தேவைப்பட்டது. நிரஞ்சலாவை அனுப்பினார்கள். (கதையில் அவளை அனுப்பியது நான்தான். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தேன்.)

மடுவத்தில் தனுஜா என்ற தாயிடம் கேட்டாள்.

“மொத மொத யாரு நிறுத்தாங்க?”

“கொழுந்து நிறுக்கிற ரெங்கசாமி கணக்கப்பிள்ளைங்க. அவரு தராசப் பாத்துச் சொல்லச் சொல்ல, சுதர்சினி மிஸ் எழுதுனாங்க. குளிருக்குப் புள்ளைங்க சுவட்டர், தொப்பி போட்டிருந்திச்சில்ல, அதுக்கு அரைக் கிலோ கழிச்சுட்டுச் சொன்னாரு.”

“அரைக் கிலோவா?”

“சாக்கு, தண்ணின்னு கொழுந்துல கழிச்சுப் பழகுன கைதானேங்க.”

குழந்தையின் சுவட்டரும் தொப்பியும் இருநூறு கிராம் தேறாது. அடுத்த வருடம் சுதர்சினியே உடுப்பைக் கழற்றி நிறுத்திருக்கிறாள். கழிவு இல்லை; அதனாலேயே ஒவ்வொரு பிள்ளையும் முந்நூறு கிராமாவது கூடியதாகத் தெரிந்தது. அந்தக் கோடு ஏறியதில் பெரும்பங்கு கணக்கப்பிள்ளையின் கைப்பழக்கம். நிரஞ்சலாவுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

(பிள்ளைகள் நினைத்த அளவு தேறவில்லை என்பதில் அவள் மகிழ்ந்தாள். இந்த வரியை மூன்று முறை அடித்தேன். நான்காம் முறை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

தனுஜா மெதுவாகக் கேட்டாள்: “கொழுந்துல கழிச்சா எங்களுக்கு நட்டம். புள்ளையில கழிச்சு, எடை கொறைவுன்னு எழுதுனதாலதான் எம்மகளுக்குச் சத்துமாவு கெடைச்சிச்சு. நீங்க இத எழுதினா, இங்க நிறுக்கிறத நிப்பாட்டிருவாங்களா, மிஸ்?”

“பாப்போம்,” என்றாள் நிரஞ்சலா.

3

சுதர்சினியை ஏமாற்றுக்காரியாக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமானது, ஆனால் பொய்யானது. அவள் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்:

“ஐயோ அக்கா, அவரு கழிச்சது எனக்குத் தெரியாதே! கட்டாயம் எழுதுங்க. மடுவத்த மட்டும் மூடச் சொல்லிராதீங்க.”

அவள் நல்லவளாகவும் இருந்தது நிரஞ்சலாவுக்குப் பொறுக்கவில்லை.

முடிவு அ: தவறை மட்டும் எழுதுகிறாள். திட்டம் நின்றுவிடுகிறது. தனுஜா அரைநாள் வேலையை விட்டு மகளைக் கிளினிக்குக் கொண்டுபோகமாட்டாள்.

முடிவு ஆ: மறைக்கிறாள். பொய்க் கோடு மாகாணம் முழுக்க—

(இதை எழுதி முடிக்கவே மனம் வரவில்லை.)

முடிவு இ: கணக்கு தவறு, ஆனால் இடம் சரி, மடுவத்தில் தொடருங்கள், உடுப்பைக் கழற்றி முதலிலிருந்து நிறுங்கள் என்று எழுதுகிறாள். இதுதான் நியாயம். உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இந்த மூன்றாவதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப சுதர்சினிக்கு ஒண்ணுமே ஆகாதா?”

“ஆகாது. இன்னும் நல்ல பேர்தான் வரும்.”

“வேற ஒண்ணு எழுதுங்க.”

அவள் கேட்டது எனக்கும் வேண்டியிருந்தது. அவளுடைய மதிப்பீட்டு அறிக்கையில் முடிவு எழுத வேண்டிய கடைசிப் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. யார்மீதும் பொறாமைப்பட்டதே இல்லை என்பவர் உங்களில் இருந்தால், வந்து எழுதிக்கொடுங்கள்.