மூன்றாம் மாடியில் ஒரு படகு

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவள் நான். கதை எழுதுகிறவர்கள் பொய் சொல்வது வழக்கம்தானே என்று நீங்கள் பெருந்தன்மை காட்ட வேண்டாம். இது கதையில் சொன்ன பொய் அன்று; என் வீட்டு வாசலில் நின்று சொன்ன பொய்.

காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் கடித வரைவுகளைத் திருத்தியவள் நான். என் மேசையைத் தாண்டிய எந்தக் கடிதத்திலும் முடியாத வாக்கியம் ஒன்றுகூட இருந்ததில்லை. ஆகவே கீழ்வரும் தொடக்கங்களை அழிக்காமல் விட்டிருப்பதைக் கலை என்று எண்ணிவிடாதீர்கள். அது தண்டனை.

தொடக்கம் அ: மாதுங்காவில் மழை பிடித்துக்கொண்ட அன்று, கடல் தன் பழைய பலகையைத் தேடி மூன்றாம் மாடிக்கு ஏறி

(கடல் படியேறாது. எங்கள் கட்டடத்தில் லிஃப்டும் கிடையாது.)

தொடக்கம் ஆ: படகு என்பது யாதெனில், நீரில் மிதக்கத்தக்கதாக மரத்தால் அமைக்கப்பட்ட ஒரு

(சுற்றறிக்கை.)

தொடக்கம் இ: நான் ஒரு மேசை வாங்கினேன்.

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2.

நான் ஒரு மேசை வாங்கினேன். எழுதுகிறவர்களுக்கு நல்ல மேசை வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எழுத்தும் வேண்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

மேற்பலகை, மும்பையில் பழைய கப்பல்களை உடைக்கும் தாருகானாவில் உடைக்கப்பட்ட மீன்பிடி படகு ஒன்றின் பக்கப்பலகை. ஆணி இருந்த துளைகளைச் சுற்றிக் கறுப்பு வளையங்கள். ஒரு மூலையில் உரிந்தும் உரியாமலும் பச்சைச் சாயம். இழுப்பறையும் அதே படகின் மரம்தான். செய்தவர் தாராவி தொண்ணூறடிச் சாலையில் பட்டறை வைத்திருக்கும் தனசீலன். பழைய படகுகளை வாங்கி, பாந்திரா ஓட்டல்களுக்கு மேசையும் பெஞ்சுமாகச் செய்து தள்ளுகிறவர். (கைத்தொழில் நலிகிறது என்று நான் இங்கே பெருமூச்சு விடுவேன் என எதிர்பார்த்தவர்கள் ஏமாறலாம். அவரிடம் எட்டு மாதக் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது.)

மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி பட்டறைக்குப் போய் நின்றேன்.

"அம்மா, சொல்லுதத கேளுங்க. இந்தப் பலக முப்பது வருசமா மீனெண்ண குடிச்சது. சுண்ணாம்புத் தண்ணி ஊத்தி, ரெண்டு வெயில் காயப் போடணும். இது ஒரு வெயில்தான் பாத்திருக்கு."

"மே முப்பத்தொண்ணுன்னு நீங்கதானே ரசீதுல எழுதியிருக்கேள்?"

"எழுதுனேன், இல்லங்கல. மழைக்கு முன்ன வீட்டுக்குள்ள ஏத்துனா வாட அடிக்கும்மா. அடுத்த வருசம் வாங்கிக்கிடுங்க."

"தேதின்னா தேதி."

"சரி, டிராயருக்கு உள்பக்கம் வார்னிஷாவது அடிக்கட்டா? வாடைய ஜரா கொஞ்சம் அமுக்கி வைக்கும்."

"வேண்டாம். பேப்பர்ல ஒட்டிக்கும்."

தனசீலன் வார்னிஷ் டப்பாவை மூடினார். பிறகு தம் ஆளைக் கூப்பிட்டு, "லேய் ஸ்டெர்லின், டெம்போல ஏத்து. அம்மா ஜெயிச்சிட்டாவ" என்றார்.

வெற்றியோடு வீடு வந்தேன். ஜூன் எட்டாம் தேதி மழை தொடங்கியது.

3.

இங்கே ஒரு தகவலைத் தர வேண்டும். ஒழுங்காக எழுதுகிறவள் இதை முதற்பகுதியிலேயே தந்திருப்பாள்.

எனக்கு மோப்பம் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன், ஊரே முகக்கவசம் அணிந்து திரிந்த காலத்துக் காய்ச்சலில் போனது, திரும்பவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. காப்பித்தூள் கடையில் ஒரு சிட்டிகையை மூக்கருகே கொண்டுபோய், "சிக்கரி ஜாஸ்தி" என்பேன். பிறர் வீட்டுச் சாம்பாரில் பெருங்காயம் தூக்கல் என்பேன். குத்துமதிப்பாகச் சொல்வதுதான், இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. என் வீட்டுக்குள் வந்து உண்மையைச் சொல்லவும் ஆளில்லை. வருகிறவர்களைச் செருப்பை நேராக விடச் சொல்வேன், ஆகவே வருவதில்லை.

ஜூன் இருபதாம் தேதி, கட்டடச் சங்கத்தின் செயலாளர் மகாதேவன் ஒரு தாளோடு என் வாசலில் நின்றார்.

"மாமி, படியேற முடியலை. மூணாம் மாடி வந்தா ஏக்தம் மீன் மார்க்கெட். எதிராத்துலேயே இருந்துண்டு எப்படித்தான் தாங்கறேளோ!"

எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் ஆனியும் அவள் தாய் தெரசம்மாளும். ஆனி வடாலாவில் வண்டி மாறி வாஷிக்கு வேலைக்குப் போகிறவள். வீட்டில் மீன் சமைப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே அவர்களுக்குச் சாவி கிடைத்தது.

இப்போது அந்தப் பொய்.

"ஆமாம். தாங்கலைதான்" என்றேன்.

"நீங்க எழுதின ரூல்தான் மாமி. பதினாலு பி. என்ன டிராஃப்டிங்! ஒரு ஓட்டை இல்லை."

நான் செயலாளராக இருந்தபோது எழுதிய விதி அது. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்: 'கட்டடத்தின் பொதுப் பகுதிகளில் மீன் அல்லது இறைச்சியின் வாடை எழக் காரணமானவர், வாடகைதாரர் எனில், சங்கக் கூட்டம் உறுதிசெய்த பதினைந்து நாள்களில் வெளியேற வேண்டும், உரிமையாளர் எனில், எழுத்துமூலம் எச்சரிக்கப்படுவார்.'

மகாதேவன் கொண்டுவந்தது ஆனிக்குத் தரவேண்டிய அறிவிப்பின் வரைவு. அதில் இரண்டு பிழைகள் இருந்தன. உள்ளே கொண்டுபோய், இந்த மேசைமேல் வைத்துத் திருத்திக் கொடுத்தேன். நாற்றத்தின் மடியில் உட்கார்ந்துகொண்டு நாற்றத்துக்கு எதிரான அறிவிப்பைத் திருத்தியிருக்கிறேன். வேறொருவர் கதையில் இதைப் படித்திருந்தால், ஓரத்தில் 'செயற்கை' என்று எழுதியிருப்பேன்.

4.

தெரசம்மாளை எழுத வரவில்லை.

முதல் வரைவில் அவருக்குச் சிறுநீரக நோய் கொடுத்தேன். வாரம் மூன்று முறை சயான் மருத்துவமனைக்குப் போய் வரவேண்டும். அதனால் வீடு மாற முடியாது. உண்மையில் அவர் மூன்று மாடியையும் என்னைவிட விரைவாக ஏறுகிறவர். ஒருவர் வீட்டை இழக்கக் கூடாது என்று வாசகர் நினைப்பதற்கு அவருக்கு நோய் எதற்கு? அது அவர் வீடு என்பது போதாதா? அந்த நோயை அடித்துவிட்டேன்.

இரண்டாம் வரைவில் அவர் கணவரைக் கடலில் மூழ்கடித்தேன். படகு வரும் கதையில் ஒருவராவது மூழ்க வேண்டும் என்ற எண்ணம். உண்மையில் அந்தக் கணவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். திசையன்விளையில் மூத்த மகன் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு நலமாக இருக்கிறார். அவரைக் கரையேற்றினேன்.

ஆனியை எழுதுவது எளிது. அவள் சொன்னதை அப்படியே எழுதினால் போதும். அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி, நாங்க மீனே வாங்கல. சண்டேல ஆண்டாப் ஹில்ல சித்தி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கைய மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவிட்டுதான் பஸ் ஏறுறோம். எட்டு வீடு பாத்தோம் ஆன்ட்டி. பேரக் கேட்டதுமே இல்லன்னுட்டாங்க. ஒன்பதாவது இது. மீட்டிங்ல நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, ப்ளீஸ். உங்க பேச்சக் கேப்பாங்க."

"விதின்னு ஒண்ணு இருக்கேம்மா" என்றேன்.

(இந்த வசனத்தை மாற்றலாமா என்று நான்கு முறை யோசித்தேன். இதைத்தான் சொன்னேன். இருக்கட்டும்.)

5.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தெரசம்மாளே வந்தார். செருப்பை நேராகத்தான் விட்டார். கூடத்தில் இரண்டடி வைத்தவர் நின்றார். முகத்தைச் சற்றே உயர்த்தி, என்னைக் கடந்து மேசைவரை போனார்; என்னைக் கேளாமலே இழுப்பறையை இழுத்து, அதற்குள் குனிந்தார்.

"இது கொழம்பு வாட இல்லியே. போட்டு எண்ண வாடல்லா!"

"படகுக்கு எந்த எண்ணெய்?"

"மீனெண்ணதான். எங்கய்யா வருசா வருசம் போட்டுக்குப் பூசுவாவ. மழ வந்தா வீடே நாறும். உங்களுக்குத் தெரியலியா?"

தனசீலன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. (அப்போதுதானா? ஆமாம். தேதி மட்டுமே நினைவில் நின்றிருந்தது.) அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூக்கைப் பார்த்தார். என் மூக்கை எவரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"வாடயே தெரியாதோ?"

"தெரியாது."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வரைவிலும் அப்படித்தான் இருந்தது. அவர் சிரித்துவிட்டார். "அட மாதாவே! அப்ப காப்பியும் வெந்நியும் உங்களுக்கு ஒண்ணுதானா?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "பொறவு அந்த செகரட்ரிகிட்ட நாறுதுன்னு எப்படிச் சொன்னிய?"

நான் மேசைமேல் கிடந்த தாள்களை நேராக அடுக்கினேன்.

அவர் இழுப்பறையை மெல்லத் தள்ளி மூடினார். "நான் போயிச் சொன்னா, தப்பிக்கதுக்குச் சொல்லுதான்னுவாவ. நீங்க சொன்னாத்தான் உண்டு. ஞாயித்துக்கெழம பதினோரு மணி" என்றார்.

தேதியையும் நேரத்தையும் எனக்கு ஒருவர் நினைவூட்டியது வாழ்நாளில் அதுவே முதல்முறை.

6.

முடிவு அ: மழை விடுகிறது. வெயில் வாடையை உறிஞ்சுகிறது. எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். (ஜூலையில் மும்பை வெயிலை நம்பிக் கதை முடிப்பவர் இவ்வூர்க்காரராக இருக்க முடியாது.)

முடிவு ஆ: மேசையை ஓசைப்படாமல் தாராவிக்குத் திருப்பி அனுப்புகிறேன். வாடை போனதும் மகாதேவன் அறிவிப்பைக் கிழிக்கிறார். என் மூக்கின் மானம் பிழைக்கிறது. (நேற்றுக் காலை தனசீலனைத் தொலைபேசியில் கேட்டும் விட்டேன். "டெம்போ இன்னைக்கே வரும்மா. ஆனா நாலு பேரு தூக்கி மூணு மாடி எறக்கணும். படி பூரா நாறிக்கிட்டேதான் எறங்கும். சுருட்டி ஒளிச்சுக் கொண்டுபோக இது என்ன பாயா? போட்டும்மா!" என்றார்.)

முடிவு இ: கூட்டத்தில் எழுகிறேன். விதி பதினான்கு பி-யின் அநீதியைக் குறித்து உருக்கமாகப் பேசுகிறேன். கைதட்டல். (என்னையே கதாநாயகி ஆக்கிக்கொள்கிறேன். வெட்கக்கேடு. மேலும், விதிப்படி எனக்கு வரப்போவது ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவர்களுக்குப் போகவிருப்பது வீடு. அந்த வேறுபாட்டை எழுதியவளும் நான்தான். அன்று அதற்குப் பாராட்டுத் தீர்மானம்கூட நிறைவேற்றினார்கள்.)

7.

ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி நாற்பது நிமிடம்.

கூட்டத்தில் சொல்ல வேண்டியதை வெள்ளிக்கிழமையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவு: 'வாடை எழுந்தமைக்குப் பிறிதொரு காரணமும் இருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு.' இரண்டாவது: 'மரச்சாமான்கள் சில பருவமாற்றத்தின்போது ஒருவித மணத்தை வெளிப்படுத்துவது அறியப்பட்டுள்ளது.' பிழையற்ற வாக்கியங்கள். என் அலுவலகத்தில் எவரும் எதையும் ஒப்புக்கொள்ளாதிருக்க உதவிய அதே நடை.

மூன்றாவது: 'நாறுவது என் மேசை.'

மூன்றே சொற்கள். இதை எழுத எனக்கு மூன்று நாள்கள் ஆயின. இதற்கு அடுத்த வாக்கியம்தான் உண்மையில் கடினம்: 'எனக்கு மோப்பம் கிடையாது, தாங்கவில்லை என்று நான் சொன்னது பொய்.'

இழுப்பறையைக் கழற்றிவிட்டேன். நினைத்ததைவிடக் கனம். இனி இத்தாள்களை வைக்க வேறிடம் இல்லாததால் அதற்குள்ளேயே போட்டு எடுத்துப் போகிறேன். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்கிறது. எதிர்வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும் தெரசம்மாள், இம்முறை என் மூக்கைப் பார்க்கவில்லை. கையிலிருக்கும் இழுப்பறையைப் பார்க்கிறார். "ஒரு பக்கம் நான் பிடிக்கட்டா?" என்கிறார்.

முடியாத வாக்கியம் எதையும் அனுப்பியதில்லை என்று முதற்பகுதியில் பெருமை பேசினேன். இதோ ஒன்று. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள், திருத்த மாட்டேன்:

மகாதேவனின் மேசைமேல், அவருடைய அறிவிப்பின்மீதே இழுப்பறையை வைத்துவிட்டு, எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும்வரை பொறுத்திருந்து, நான் வாயைத் திறந்து,