காந்தம் ஒட்டாத கல்

கடிகாரக்காரருக்கு விண்கல் பைத்தியம் என்பது தெருவுக்கே தெரியும். அதனால்தான் பக்கத்துக் கடைத் தையல்காரம்மா துணியில் சுற்றிய கல்லோடு நேரே அவரிடம் வந்தார்.

"கூரையைப் பொத்துக்கிட்டு வந்து என் வெட்டுற மேசையில விழுந்துச்சு அண்ணே. வானத்துலேர்ந்துதான்."

வாசலோர இழுப்பறையிலிருந்து அவர் காந்தத்தை எடுத்தார். கடிகாரங்களுக்கும் காந்தத்துக்கும் ஆகாது என்பதால் அதற்கு அங்கேதான் இடம். விண்கல் என்றால் உள்ளே இரும்பு இருக்கும், காந்தம் கப்பென்று ஒட்டும். இதில் ஒட்டவில்லை.

"சாதாரணக் கல்லும்மா. யாரோ எறிஞ்சிருக்காங்க" என்றார், பெரிய நீதிபதி மாதிரி.

அந்த அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. "எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்றாரு. நீங்களே குப்பையில போட்டுடுங்க."

அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு 'வானத்தம்மா' என்று பேராகிவிட்டது. கட்டிய புருஷனே வாடிக்கையாளர்கள் முன்னால், "இன்னிக்கு என்ன விழுந்துச்சு?" என்று கேட்டுச் சிரிப்பார். அந்த அம்மா தலை நிமிராமல் மிஷினை மிதிப்பார்.

குப்பைக்குப் போகாத கல், கடிகாரக் கடையின் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. ஒருநாள் கடிகாரக்காரரின் கால் இடறி அது உருண்டதில் ஓரம் தெறித்தது. உள்ளே பால் வெள்ளை. கண்ணில் லென்ஸை இடுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெறித்த சில்லை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பதில் வந்தது: ஆப்ரைட்.

இரும்பு அநேகமாக இல்லாத விண்கல் அது. பார்த்தால் தெருக்கல் போலவே இருக்கும், யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். அதனாலேயே கல் சேகரிப்பவர்கள் அதற்காக உயிரை விடுவார்கள். அவரும் வாலிபத்திலிருந்து அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தார்; பக்கத்துக் கடைக் கூரையிலேயே வந்து விழும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கல் அவருடையது. தூக்கிப் போடச் சொன்னதே அந்த அம்மாதானே என்று மனசு சில நாள் சப்பைக்கட்டுக் கட்டியது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் புருஷன்காரரின் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், உள்ளதைச் சொன்னவரைப் பொய்க்காரியாக்கியது இவருடைய தீர்ப்புதான்.

தையல் கடையில் கூட்டமிருக்கும் நேரம் பார்த்துப் போய், கல்லை அந்த அம்மாவின் முன்னால் வைத்தார்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேம்மா. இது வானத்துலேர்ந்து விழுந்ததுதான். உலகத்துலயே ரொம்ப அபூர்வமான கல்லு. இது உங்களோடது."

மிஷின் நின்றது. ஒரு சின்னத் துண்டாவது தனக்குக் கிடைக்குமோ என்ற நப்பாசை கடிகாரக்காரரை இன்னும் விடவில்லை. அந்த அம்மாவோ கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"அவரு உள்ளே இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்காரு அண்ணே. காதுல விழுந்திருக்காது. இன்னொரு தடவ, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."