சுவருக்கு அந்தப் பக்கம்

எந்த டிவியில் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரிகிறது என்று ஸ்ரீநாத் கேட்டபோது, அவன் எந்தப் பதிலை விரும்புகிறான் என்று யுவராணி அவன் முகத்தில் தேடினாள். அம்பத்தூரில் இருந்த அந்தக் கடையின் முதல் மாடியில் சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே மீன் கூட்டம் ஒரே திசையில் நீந்திக்கொண்டிருந்தது. அவன் கண்கள் இடது ஓரத்தில் இருந்ததன் மேல் கொஞ்சம் அதிக நேரம் நின்றதைப் பார்த்துவிட்டு, "அந்த ஓரத்துல இருக்கறதுங்க" என்றாள்.

அவன் தலையசைத்தான்.

கல்யாணமாகி இரண்டு வருடங்களில் அவள் நன்றாகக் கற்றுக்கொண்டது இதைத்தான். சேலத்திலிருந்து வந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் அவன். குரல் உயர்த்தியே பேசத் தெரியாதவர் என்று ஆபீசில் பெயர். கள்ளிக்குப்பம் வீட்டில் சாதம் குழைந்துவிட்டாலோ, அவன் கூப்பிட்டபோது அவள் போனை எடுக்காமல் விட்டாலோ, முதலில் ஒரு அமைதி வரும். பிறகு தட்டு பறக்கும். பிறகு அவன் கை. சேலையும் ரவிக்கையும் மறைக்கும் இடங்களில் மட்டும் அடிப்பதற்கு அந்தக் கோபத்திலும் அவனுக்கு நிதானம் இருந்தது.

அடி ஓரளவுக்கு மேல் போகாமல் இருந்ததற்குக் காரணம் எதிர்வீட்டு அன்னம்மாள். மூன்றாவது மாடியில் எதிரெதிர் வாசலோடு இரண்டே வீடுகள். ஆனால் படிக்கட்டுக்குப் பின்னால் இரண்டு ஹால்களுக்கும் ஒரே சுவர். பாத்திரம் உருளும் சத்தமோ அவளுடைய குரலோ கேட்டால் போதும், காலிங்பெல் அடிக்கும். "யுவராணி, கொஞ்சம் கறிவேப்பில குடும்மா." அந்த அம்மாளின் ஃபிரிட்ஜில் கறிவேப்பிலை கட்டுக்கட்டாக வாடிக் கிடப்பதை யுவராணி ஒருமுறை பார்த்திருக்கிறாள். அன்னம்மாள் வேறு எதுவும் கேட்டதில்லை. இவளும் சொன்னதில்லை. பெல் அடித்ததும் ஸ்ரீநாத் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவான். அன்றைக்கு அத்தோடு முடிந்துவிடும்.

போன மாதம் அப்படி ஒரு மாலையில், அன்னம்மாள் திரும்பிப் போன பிறகு அவன் ஹால் சுவரில் காதை வைத்துக் கேட்டான். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். "சுவரா இது, அட்டை மாதிரி" என்றான். மறுநாளிலிருந்து போனில் ஹோம் தியேட்டர் செட்டுகளைப் பற்றிய வீடியோக்களாகப் பார்க்க ஆரம்பித்தான். யுவராணிக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. புதுப் பொருள் வாங்கும் ஆசையில் இருக்கும்போது அவன் சந்தோஷமாக இருப்பான்.

டிவியை முடிவு செய்ததும் விக்ரம் என்ற விற்பனைப் பையன் அவர்களை உள்ளே டெமோ அறைக்குக் கூட்டிப்போனான். சுவரெல்லாம் சாம்பல் நிறத் துணி. சோபாவில் ஏற்கெனவே ஒரு தம்பதி, மடியில் பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். கதவு மூடியதும் கடையின் இரைச்சல் அறுந்துபோனது. விளக்கு அணைந்தது. திரையில் ஒரு பாலம் இடிந்து விழுந்தது. சத்தம் முன்னாலிருந்து வரவில்லை, நாற்காலிக்கு அடியிலிருந்து, பிடரியிலிருந்து, விலா எலும்புகளுக்குள்ளிருந்து வந்தது. யுவராணி தற்செயலாகத் திரும்பியபோது அந்தக் குழந்தையைப் பார்த்தாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, முகம் நனைந்து, உடம்பெல்லாம் உதற அது அழுதுகொண்டிருந்தது. ஒரு பொட்டுச் சத்தம் கேட்கவில்லை. மடியில் வைத்திருந்த தகப்பன் திரையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

விளக்கு வந்ததும்தான் அவர்கள் பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

"உங்க ஹால் சின்னதுன்னு சொன்னீங்கல்ல சார், டிவிக்குக் கீழ வைக்கிற சவுண்ட்பாரே போதும்" என்றான் விக்ரம். "இந்த செட்டுல பேஸ் ஜாஸ்தி, சுவரே அதிரும். பக்கத்து ஊட்டுல கம்ப்ளைன்ட் பண்ணுவாங்க."

"பக்கத்துல ஒரு வயசானவங்கதான் ப்ரோ. அவங்களுக்குக் காது அவ்வளவா கேக்காது."

யுவராணி அவனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான், புன்னகையோடு. அன்றைக்குச் சுவரில் காதை வைத்து அவன் நின்றது எதற்கு என்று அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அவன் வாங்க வந்தது படம் பார்ப்பதற்கான பொருளே இல்லை.

"எனக்கும் சவுண்ட்பாரே போதும்னு தோணுதுங்க" என்றாள்.

"பெரிய செட்டே போட்டுடுங்க ப்ரோ" என்றான் ஸ்ரீநாத்.

வண்டியில் திரும்பும்போது அவன் எதுவும் பேசவில்லை. எஸ்டேட்டைத் தாண்டியும் பேசவில்லை, வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் கை அவள்மேல் படவில்லை. ஒருநாள் குழம்பில் உப்பு கூடிப்போனது. சாப்பிட்டுவிட்டு, "பரவால்ல, இருக்கட்டும்" என்றான். யுவராணிக்கு அந்த வார்த்தைதான் தூக்கத்தைக் கெடுத்தது. அவன் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறான் என்று தோன்றியது.

ஆரணியில் அம்மாவுக்குப் போன் செய்தாள். டிவி வாங்கியதைச் சொன்னாள். "மாப்பிள்ளை உன்னை நல்லா வெச்சிருக்காருடி" என்றாள் அம்மா. யுவராணி போனை வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் ஆட்கள் வந்து பொருத்திவிட்டுப் போனார்கள். பேஸ் பெட்டியைச் சோபாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு ஸ்ரீநாத் அதைத் தூக்கிக்கொண்டு போய் அன்னம்மாள் வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தான்.

"அந்தம்மாவுக்குத் தொந்தரவா இருக்கான்னு பாத்துடலாம்" என்றான். "நீ அவங்க வீட்ல போய் நில்லு. நான் சவுண்ட் வெச்சுட்டு சத்தமா ஒண்ணு சொல்றேன். கேக்குதான்னு வந்து சொல்லு."

அன்னம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்த ஈரக் கையோடு வந்து கதவைத் திறந்தாள். "இன்னாம்மா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போய் கீது?"

பதில் சொல்வதற்குள் சுவர் முழங்கத் தொடங்கியது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. மாதா படம் ஆணியில் ஆடியது. யுவராணி சுவரில் காதைப் பதித்தாள். அன்னம்மாளும் என்ன ஏதென்று கேட்காமல் பக்கத்தில் வந்து காதை வைத்தாள். வெடிச்சத்தம், இசை, மறுபடி வெடிச்சத்தம். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பதற்கான அடையாளமே இல்லை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆண்ட்டி" என்றாள் யுவராணி. "அவர் வந்து கேட்டா, கேட்டுச்சுன்னு சொல்லுங்க."

அன்னம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அதற்குள் சத்தம் நின்றது. எதிர்க் கதவு திறந்தது. ஸ்ரீநாத் வந்து வாசலில் நின்றான்.

"என்ன, கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"நெஜமா?" அவன் புன்னகை மாறவில்லை. "அப்ப நான் என்ன சொன்னேன்?"

அவன் என்ன கத்தியிருப்பான் என்று யுவராணி அவன் முகத்தில் தேடினாள். அவள் பெயரா, அவன் பெயரா, வேறு ஏதாவது வார்த்தையா. எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும் என்று தெரிந்தது. அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"அத்த என் வாயால வேற சொல்லணுமா நைனா?" என்றாள் அன்னம்மாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"பொம்பளைங்க கீற எடம் இது. என் காதுலயே இப்டி உயுந்துச்சுன்னா, கீய ஊட்டுக்காரங்களுக்கும் உயுந்திருக்கும். படிச்ச புள்ள, இந்த மாதிரி வார்த்தை பேசலாமா?"

ஸ்ரீநாத்தின் புன்னகை ஓர் ஓரத்திலிருந்து கழன்றது. காது மடல் சிவந்தது. அவன் உண்மையிலேயே என்ன கத்தினான் என்று யுவராணிக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் ஊகிக்க முடிந்தது.

"சும்மா டெஸ்ட் பண்ணேன் ஆண்ட்டி."

"பண்ணு. நான் இங்கதான் குந்தினு இருப்பேன், கதவத் தொறந்து வெச்சினு. எனுக்கு வேற இன்னா வேல." பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நிலைப்படியை ஒட்டிப் போட்டு, மீன் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சட்டியின் விளிம்பில் தண்ணீர் அலம்பியது.

"யுவா, உள்ள வா" என்றான் ஸ்ரீநாத். தாழ்ந்த குரல்தான்.

"நீங்க போங்க."

அந்த வார்த்தைகள் தன் வாயிலிருந்துதான் வந்தன என்பதை நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போனான். கதவைச் சாத்தவில்லை.

யுவராணி வெளியே வந்து, படிக்கட்டின் ஓரத்தில், வெறுங்காலோடு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே யாரோ கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கடைசிப் படியில் வெயில் ஒரு முக்கோணமாக விழுந்திருந்தது. உள்ளே மறுபடி படம் ஓட ஆரம்பித்தது. சத்தம் முதலில் சின்னதாக, பிறகு கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம் ஏறிக்கொண்டே வந்தது. அவள் உள்ளங்கைக்குள் இரும்புக் கம்பி அதிரத் தொடங்கியது.