அம்மை வீட்டில் மாத்திரை

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகும் காலை பஸ் ஊர் விலக்கில் ஹாரன் அடித்தால் முனீஸ்வரிக்கு மாத்திரை நேரம். அம்மா தங்கலட்சுமி அவளை ஆட்டுக்கொட்டத்துக்குப் பின்னால், விறகுக்குக் காய்ந்த பருத்திமார் அடுக்கி வைத்திருக்கும் மறைவுக்குக் கூட்டிப் போவாள். முந்தானையில் முடிந்து வைத்த வெள்ளை மாத்திரை ஒன்று, சொம்பில் கொஞ்சம் தண்ணீர். ஒன்பது வயசுப் பிள்ளை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டும். யாராவது பார்த்துக் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: “வீசிங்குக்கு.”

அது வீசிங் மாத்திரை இல்லை. பிறக்கும்போதே முனீஸ்வரியின் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அப்பனிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு. அப்பன் போய்ச் சேர்ந்து ஆறு வருசமாகிறது. மஞ்சக்காமாலை என்று ஊருக்குச் சொல்லி அடக்கம் பண்ணியாயிற்று. தங்கலட்சுமியும் மகளும் அவன் அண்ணன் வீரபாண்டி வீட்டில்தான் இருக்கிறார்கள். பக்கத்து ஊரில் இதே சீக்கு வந்த ஒருவருக்கு டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தார்கள், செத்தபோது தூக்க ஆள் வரவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவள் வாயைத் திறப்பாளா?

அன்றைக்குக் காலையில் வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பரவிய அம்மை வீரபாண்டியின் மகன் சோலைக்கும் போட்டு நாலைந்து நாளாகிவிட்டது. அவன் அம்மா முருகலட்சுமி முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள். தாளிக்கக்கூடாது, தலை சீவக்கூடாது, வெளியாள் படி ஏறக்கூடாது.

“மாத்திர மருந்து எதுவும் யார் வாயிலயும் படக்கூடாது. அந்த வீசிங் மாத்திரையும் வேணாம் தங்கம். சோலைக்கு மூணு தண்ணி ஊத்தி முடியட்டும்.”

தங்கலட்சுமி தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டுத் தினமும் வழக்கம்போல பருத்திமார் மறைவுக்குப் போனாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. அதற்குக் காரணம் இருந்தது.

முந்தின வருசம்தான் மதுரை ஆஸ்பத்திரியில் அவளை உட்கார வைத்து ரிஸ்வானா பேசியிருந்தாள். அருப்புக்கோட்டைக்காரி, அந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற பெண். பிள்ளைகள் பல மாத்திரைகளாகத் தின்பதை ஒரே கூட்டு மாத்திரையாகக் கொடுத்தால் அதே பலன் இருக்குமா என்று ஓர் ஆய்வு நடக்கிறது. பாதிப் பிள்ளைகளுக்குப் பழைய மருந்து, பாதிப் பேருக்குப் புதுசு, குலுக்கல் மாதிரி.

“எம்பிள்ளைய வச்சுச் சோதிச்சுப் பாக்கப் போறீகளா?” என்று தங்கலட்சுமி வெடுக்கென்று கேட்டாள்.

“ஆமாக்கா, சோதிக்கத்தான். அதை மறைக்கல. பெரியவுக உடம்புக்கு ஒத்துக்கிட்ட மருந்து பிள்ளைக உடம்புக்கு ஒத்துக்கிருமான்னு பிள்ளைககிட்டதான் பாக்க முடியும். வேணாம்னா எப்ப வேணா விலகிக்கிரலாம், பழைய மருந்து நிக்காது. ஆனா சேந்தீகன்னா ஒரு நாள் மாத்திர தப்புனாலும் எங்ககிட்ட மறைக்கக்கூடாது. நீங்க சொல்ற பொய் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தப்பான மருந்தா போய் நிக்கும்.” அப்புறம் ரிஸ்வானா கேட்டாள், “வீட்டுல உங்களத் தவுத்து இன்னொரு ஆளுக்கு விசயம் தெரியணும். யாருக்காச்சும் தெரியுமாக்கா?”

“தெரியும்” என்றாள் தங்கலட்சுமி. ஆய்வில் சேர்த்தும் விட்டாள், குலுக்கலில் முனீஸ்வரிக்குத் தினம் ஒரு கூட்டு மாத்திரை விழுந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் அதே கேள்வி, அதே பதில். பொய் சொல்லக்கூடாது என்று சொன்னவளிடமே அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சோலைக்கு அம்மை போட்ட ஐந்தாம் நாள் மத்தியானம் முனீஸ்வரி சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்தாள். நெற்றி கொதித்தது. காதுக்குப் பின்னால் இரண்டு, கழுத்தில் மூன்று என நீர் கோத்த முத்துகள். படுக்கையை ஒதுக்கலாம் என்று தலைமாட்டில் கிடந்த ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தாள் தங்கலட்சுமி. உள்ளே ஏதோ கலகலத்தது. திறந்து பார்த்தாள். ரப்பருக்கும் பென்சில் துண்டுக்கும் நடுவில், எச்சிலில் ஊறிக் காய்ந்த வெள்ளை மாத்திரைகள் கிடந்தன.

பெட்டியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “என்னடி இது? நாக்கைக் காட்டுனியே!”

“கன்னத்துல ஒதுக்கிக்கிருவேன்” என்றது பிள்ளை கண்ணைத் திறக்காமலே. “பெரியம்மாகிட்டச் சொல்லாதம்மா.”

கொட்டத்துக்கு ஓடி ரிஸ்வானாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் குரல் மாறியது. “அக்கா, சாதாரணப் பிள்ளைக்கு வந்து போற அம்மை இவளுக்கு நெஞ்சுல எறங்கிரும். மாத்திரயும் நின்னுருக்கு. இன்னைக்கே கொண்டாங்க, நாளைக்குன்னு வைக்காதீக. வீட்டுல விசயம் தெரிஞ்சவுக இருக்காகள்ல, அவுகளை வண்டி எடுக்கச் சொல்லுங்க.”

அந்தத் தெரிந்த ஆள் யார்? தங்கலட்சுமி போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுகளையே பார்த்து நின்றாள்.

பஸ்ஸில் போய்விடலாம் என்று பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டாள். பின்வாசலில் முருகலட்சுமி வேப்பங்குழையும் கையுமாக வந்து நின்றாள்.

“எங்கிட்டுக் கெளம்பிட்ட? ஆத்தா வந்து எறங்கியிருக்கா. இந்த நேரத்துல ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவா?”

“வழி விடுங்கக்கா.”

“சோலைக்கும்தான் போட்டுச்சு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம்? எறங்குதில்ல? என்ன தங்கம், உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

சத்தம் கேட்டு வீரபாண்டி வந்தார். மல்லி லோடு இறக்கிவிட்டு அப்போதுதான் தன் குட்டியானை வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருந்தார். “அம்மை போட்ட பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெயில்ல எங்கம்மா போற? உள்ள போ.”

பிள்ளைக்கு மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. தோளில் அந்தச் சூடு இறங்க இறங்க, தங்கலட்சுமிக்கு டீக்கடைத் தனி கிளாஸும் மறந்தது, நாளைக்கு எங்கே தங்குவது என்பதும் மறந்தது.

“மாமா, இவளுக்கு எச்.ஐ.வி. இருக்கு. எனக்கும் இருக்கு. உங்க தம்பிக்கு மஞ்சக்காமாலை இல்ல.”

வீரபாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்தவைத்துவிட்டார். முருகலட்சுமி ஓரடி பின்னால் போனாள். அடுத்த நொடியே ஓடிப்போய்ச் சோலை படுத்திருந்த அறையை மறித்து நின்றாள்.

“இத்தனை வருசமா என் பிள்ளையும் அவளும் ஒரே தட்டுல தின்னுருக்காகளே! பாவி, ஒரு வார்த்த சொன்னியா?”

“தட்டுல ஒட்டாதுக்கா. எச்சில்ல ஒட்டாது, தொட்டா ஒட்டாது. ஒட்டும்னா நானே விட்டுருப்பேனா? தினம் ஒரு மாத்திர தின்னா அவ எல்லாப் பிள்ளையும் மாதிரி வளருவா. அதைத்தான் இந்தக் கொள்ளைல போறவ ஒதுக்கி ஒதுக்கித் துப்பி வச்சிருக்கா!” ஜாமெட்ரி பாக்ஸைத் தரையில் எறிந்தாள். மாத்திரைகள் நாலாபக்கமும் உருண்டன.

முருகலட்சுமிக்குக் கோபம் அடங்கவில்லை. “அவ துப்புனா எங்க குத்தமா? யாரு துப்பச் சொன்னா?”

“நீதாம்மா.”

உள்ளேயிருந்து வந்தது சோலையின் குரல். முகமெல்லாம் காய்ந்த முத்தோடு பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“யாராச்சும் மாத்திர தின்னா ஆத்தா என் கண்ணை எடுத்துருவான்னு அவகிட்ட நீதான சொன்ன? அவ அழுதா. எனக்குக் கண்ணு போயிரக்கூடாதுன்னுதான் துப்புனா. எங்கிட்டக் காட்டுனா. சித்திகிட்டச் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா.”

முருகலட்சுமிக்கு நினைவு வந்தது. ஆமாம், சொல்லியிருக்கிறாள். பயம் இருந்தால்தான் பிள்ளைகள் சொன்ன பேச்சுக் கேட்கும் என்று, சும்மா, போகிற போக்கில் சொன்னது. தரையில் கிடந்த மாத்திரைகளைக் குனிந்து பொறுக்கினாள். எதற்குப் பொறுக்குகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கை மட்டும் பொறுக்கிக்கொண்டே இருந்தது. பொறுக்கி முடித்ததும் எழுந்து வந்து, தங்கலட்சுமியின் தோளிலிருந்து பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். சூடு பட்டதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“ஏங்க, இன்னும் என்ன குத்தவச்சுக்கிட்டு? வண்டிய எடுங்க!”

“ஆத்தா...” என்று இழுத்தார் வீரபாண்டி.

“ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். அவ பிள்ளையக் காப்பாத்துறவ, காவு வாங்குறவ இல்ல. எடுங்க!”

மதுரையில் ஊசி மருந்து உடனே ஏற்றினார்கள். முதல் இரண்டு நாள் டாக்டர்கள் எதுவும் பிடிகொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, பிள்ளை இட்லி கேட்டது. எத்தனை மாத்திரை தப்பியது, ஏன் தப்பியது என்று தங்கலட்சுமி ரிஸ்வானாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். வீட்டில் ஒருவருக்குத் தெரியும் என்று முன்பு சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். நின்றுபோன மாத்திரை இனிமேல் கேட்குமா என்று ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அந்தப் பதிலுக்காகக் காத்திருந்த வாரங்களில் வீரபாண்டி வீட்டில் ஒருத்தருக்கும் தூக்கம் சரியில்லை.

பதில் வாங்கப் போன அன்று முருகலட்சுமியும் கூடவே போனாள். கிருமி அடங்கியே இருக்கிறது, இதே மாத்திரையைத் தொடரலாம் என்றார் டாக்டர். தங்கலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ரிஸ்வானா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “வீட்டுல இன்னொரு ஆளுக்கு விசயம் தெரியுமா?”

“எனக்குத் தெரியும்” என்றாள் முருகலட்சுமி. “இனிமே காலைல மாத்திர குடுக்குறது நான்தான். கொட்டத்துல இல்ல, அடுப்படில, எல்லாரும் பாக்க.”

அப்புறம் தானாகவே சொன்னாள்:

“எனக்குப் பயந்து இந்தப் பிள்ள மாத்திரய மறைச்சுச்சு. எங்களுக்குப் பயந்து இவ சீக்கை மறைச்சா. கிருமி செய்யாத வேலைய நாங்க செய்யப் பாத்தோம்மா. மருந்து நல்லதா கெட்டதான்னு பாக்குறது உங்க வேலை. வந்த மருந்தப் பிள்ள பயமில்லாம முழுங்க விடுறது வீட்டுக்காரங்க வேலை. எங்க வேலைய நாங்க செய்யலேன்னா, நீங்க எவ்வளவு நல்ல மருந்து கண்டுபிடிச்சாலும் அது ஜாமெட்ரி பாக்ஸுலதான் கெடக்கும்.”