பெயரில்லாத நாலு புள்ளிகள்

கருமத்தம்பட்டியில் என் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்களுக்கு, கொண்டுவந்தது எதுவானாலும் வேர்டு ஃபைலாக வேண்டும். பத்திரத்தின் போட்டோ, வாட்ஸப்பில் வந்த ஜாதகம், எல்லாம்தான். போன வாரம் மனோஜ்குமார் மேப்பையே கொண்டு வந்துவிட்டான். கூடவே அவன் அம்மா ராசாத்தாள்.

அவன் அப்பா பொங்கியண்ணன் நூல் டெம்போ ஓட்டியவர். சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் போன் மேப்பில் புள்ளி வைத்துப் பெயர் போட்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது மகனுக்குக் கல்யாணம். வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும். ராசாத்தாளுக்கு மேப் பார்க்க வராது. சேர்க்கவும் நீக்கவும் வசதியாக, பட்டியல் போல வேண்டுமாம்.

மேப் எங்கேயாவது வேர்டாகுமா என்று சிடுசிடுத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். இலவசமாக மாற்றித் தரும் தளங்கள் இரண்டு விளம்பரம் காட்டியே உயிரை வாங்கின. மூன்றாவதில் ஃபைலை ஏற்றிவிட்டுக் காத்திருந்தபோது அம்மாவும் மகனும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். இணைச்சீர்ச் சடங்கில் மாப்பிள்ளையோடு அக்கா தங்கை யாராவது உட்கார வேண்டும். இவனுக்கு அக்கா லோகப்பிரியா இருக்கிறாள். ஏழு வருஷத்துக்கு முன் அவள் இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்டாள். இனி அவள் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று பொங்கியண்ணன் சொன்னதோடு சரி, வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. சித்தப்பா மகளை உட்கார வைக்கலாம் என்றார் ராசாத்தாள். அக்காவைத்தான் கூப்பிட வேண்டும் என்ற மனோஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்கப்பா சொன்னத மீற எனக்கு மனசு வர்லீடா" என்றார் அவர்.

ஃபைல் வந்துவிட்டது. அட்டவணையில் பெயர், நீளநீள எண்கள், அதன் பக்கத்தில் யாரும் திறந்து பார்க்காத குறிப்புகள். மனுஷன் போனிடம் வாயால் சொல்லியே ஏற்றியிருக்கிறார்.

'நஞ்சுண்டன் மாமா ஊடு. காபி குடிக்காம வந்தா ஒரு வருசம் பேசமாட்டாரு.'

'வெங்கடம்மாள் அத்தை ஊடு. நாய் இருக்குது. ஆரன் அடிச்சா அத்தையே வரும்.'

நான் படிக்கப் படிக்க ராசாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் பெயரில்லாமல் நாலு வரிகள். பஞ்சர் கடையாக இருக்கும், எடுத்துவிடுங்கள் என்றான் மனோஜ். எனக்கும் அவசரம். மூன்றை அழித்துவிட்டேன். நாலாவதின்மேல் கண் போனபோது கை நின்றுவிட்டது. அழித்ததையெல்லாம் மறுபடி கொண்டுவந்தேன். எண்களை மேப்பில் போட்டுப் பார்த்தால் நாலும் சென்னிமலையில் ஒரே இடம். வாய்விட்டுப் படித்தேன்.

'லோகு ஊடு. பச்சை கேட்டு. எதுக்கால வண்டிய நிறுத்தினேன். உள்ள போகல.'

'இன்னிக்கு கேட்டு பூட்டியிருக்குது.'

'பையன் வாசல்ல சைக்கிள் ஓட்டறான். எம்பட மூக்கு.'

'அடுத்த தடவ எறங்கிப் போயரோணும்.'

எனக்கே அழுகை வந்துவிட்டது. ராசாத்தாள் அழவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அம்மணி, பேரில்லாத எடத்துல பேரு அடிக்க முடியுமா?"

அதற்குத்தானே வேர்டு என்றேன்.

"எம்பட புள்ள ஊடுன்னு அடி. மொத வரியா வெய்யி. அவரு சொன்னது எதையும் அழிச்சுப்போடாத."

அடித்தேன். நாலு குறிப்புகளையும் அதன் கீழேயே வைத்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். தாளை மடித்துக்கொண்டு எழுந்தவர், இப்படியே சென்னிமலைக்கு வண்டியை விடச் சொன்னார்.

பத்திரிகை இன்னும் அச்சாகி வரவில்லையே என்றான் மனோஜ்.

"சொந்தப் புள்ளைக்குப் பத்திரிகை எதுக்குடா? போய் எறங்கலாம், வா."