பேக்கரி அனுப்பிய நோட்டு

பிரேம்குமார் இறந்து எழுபது நாள் கழித்துத்தான் ஸ்டெபின் ஊருக்கு வந்தான். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ஜனவரியில், பனி உறைந்த சாலையில் சைக்கிள் சறுக்கி, பின்னால் வந்த லாரியில் அடிபட்டு பிரேம் போய்விட்டான். உடல் அவன் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த அன்று தனக்குப் பரீட்சை என்று ஸ்டெபின் வீட்டில் சொல்லியிருந்தான். பரீட்சை இருந்தது உண்மைதான். ஆனால் கேட்டிருந்தால் வேறு தேதி கொடுத்திருப்பார்கள். அவன் கேட்கவில்லை.

ராஜபாளையம் வந்த மறுநாள் காலையில் அப்பா பால்துரை பேச்சை எடுத்தார்.

"ஏலே, பிரேம் வீட்டுக்குப் போயிட்டு வந்துரு. அவிய அம்மா ரெண்டு தடவ போன் பண்ணிட்டாவ. அவன் வேல பாத்த பேக்கரில இருந்து ஒரு நோட்டு வந்துருக்காம். நீதான் படிச்சுச் சொல்லணும்னு காத்துக் கெடக்காவ."

பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அந்த அரை மணியும் அவனுக்கு நவம்பர் மாதத்து லைப்சிக் டிராம்தான் கண்ணில் நின்றது. வகுப்பு நண்பர்கள் நாலு பேரோடு அவன் உட்கார்ந்திருந்தான். அவர்களுக்கு அவன் ஸ்டீவ், ஊர் சென்னை. ஜெர்மனி போன முதல் வாரத்திலேயே அவனாக வைத்துக்கொண்ட பேர், அவனாகச் சொல்லிக்கொண்ட ஊர். பிரேம் ஏறினான். கம்பியைப் பிடித்தபடி, பெட்டி முழுக்கக் கேட்கும்படி, "ஏலே ஸ்டெபினு, சாப்டியா?" என்றான். ஸ்டெபின் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். அடுத்த நிறுத்தத்தில் பிரேம் இறங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் கையை மட்டும் உயர்த்துவான், கூப்பிடுவதில்லை.

பிரேமின் அம்மா பாண்டிசெல்வி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். அன்று லீவு போட்டிருந்தார். அப்பா சங்கரலிங்கம் மில்லில் ஃபிட்டர். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். அவர்தான் நோட்டை எடுத்து வந்தார்.

"போன்ல போட்டோ எடுத்து மொழிபெயர்க்கப் பாத்தோம் தம்பி. கையெழுத்து அதுக்குப் புரியல."

ஸ்டெபின் படித்தான். ஒவ்வொரு வரியாக ஜெர்மனில் பார்த்து, தமிழில் சொன்னான். பேக்கரியில் கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரேமை நினைத்து எழுதியிருந்தார்கள். முதல் பக்கம் கடைக்கார அம்மா எழுதியது.

"பேரு பெருசா இருக்கு, சுருக்கிக்கிடலாமான்னு கேட்டேன். உங்க பேரெல்லாம் நான் ஒழுங்காக் கத்துக்கிட்டேன்ல, என்னோடத நீங்களும் கத்துக்கோங்கன்னான். நாலு நாள்ல எல்லாரும் பிரேம்குமார்னு முழுசாச் சொல்லிட்டோம்."

பேக்கரி வண்டி ஓட்டுகிறவர் எழுதியிருந்தார்: தினமும் பார்த்ததும் 'சாப்டியா' என்பானாம். ரொம்ப நாள் அது காலை வணக்கம் என்று நினைத்துத் தன் மகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாராம். பாண்டிசெல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த பக்கத்தில், கிறிஸ்துமசுக்கு அந்தத் தெருச் சர்ச்சில் பிரேம் அவர்களோடு நின்று ஜெர்மன் பாட்டுப் பாடினான் என்று இருந்தது.

"பாடுனானா?" என்றார் பாண்டிசெல்வி. "இங்க வாயே தொறக்க மாட்டானே. நீ கேட்டியா தம்பி?"

"இல்லம்மா. எனக்குத் தெரியாது."

அதற்கடுத்த பக்கம் யோனஸ் என்ற பையன் எழுதியது. இரண்டு வரி சொன்ன ஸ்டெபின் நிறுத்தினான். இதைத் தாண்டிப் போய்விடலாம். இங்கே யாருக்கும் தெரியப் போவதில்லை. பிறகு வாசித்தான்.

"பக்கத்து ஊர் நண்பன் ஒருத்தன் இங்கே இருப்பதாகச் சொல்வான். ஏன் அவனைக் கூட்டி வரவில்லை என்று கேட்டேன். அவனுக்கு இன்னும் பயம் தெளியல, தெளிஞ்சதும் கூட்டிட்டு வாரேன் என்றான்."

"உன்னயத்தான் சொல்லிருக்கான்" என்றார் சங்கரலிங்கம்.

ஸ்டெபின் டிராமில் நடந்ததைச் சொன்னான். எதையும் குறைக்காமல் சொன்னான்.

"ஸ்டெபின் கூடத்தான் இருக்கேன்னு வாராவாரம் சொல்லுவான்" என்றார் பாண்டிசெல்வி. "அத நம்பித்தான் நான் கண்ண மூடுவேன்."

"எதுக்குத் தம்பி வெக்கம்?" என்று கேட்டார் சங்கரலிங்கம். குரலில் கோபம் இல்லை.

"நம்ம பேச்சு, நம்ம ஊரு... என்னையும் அவன மாதிரி நெனச்சிருவாங்கன்னு..."

"அவன மாதிரின்னா?"

ஸ்டெபின் நோட்டை மூடினான். பாண்டிசெல்வி எழுந்து அடுப்படிக்குப் போனார். வெகுநேரம் கழித்து ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து அவன் முன்னால் வைத்தார்.

"இன்னும் எத்தன பக்கம் இருக்கு?"

"பதினொண்ணு."

"படி."

படித்தான். அன்றைக்கு முடியவில்லை, மேலும் மூன்று நாள் வந்தான். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் தமிழில் எழுதிக் கொடுத்தான். கடைசி நாள் அவன் செருப்பு மாட்டும்போது பாண்டிசெல்வி வாசலுக்கு வந்தார்.

"நீ செஞ்சது எனக்கு ஆறாது தம்பி. பொய் சொல்ல மாட்டேன். ஆனா லீவுக்கு வந்தா வந்துட்டுப் போ."

ஏப்ரலில் லைப்சிக் திரும்பிய ஸ்டெபின் அந்த பேக்கரியைத் தேடிப் போனான். கல்லாவில் நரைத்த தலை அம்மா ஒருத்தர் இருந்தார். யார் என்று கேட்டார். தன் பேர் ஸ்டெபின், ஊர் ராஜபாளையம் என்றான். அவருக்குப் பிடிபடவில்லை, அவன் நிறுத்தி மறுபடி சொன்னான்.

"பிரேம்குமாரின் நண்பனா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அவனோட படிச்சவன்" என்று ஜெர்மனில் சொன்னான். "அவன் அம்மா உங்க எழுத்தையெல்லாம் கேட்டுட்டாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அந்த அம்மா கல்லாவை விட்டு வெளியே வந்து, அவன் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.