நூறு ரூபாய்க்கு ஒரு போன்

கரும்பு ஆலைக்காரர்கள் இனிமேல் எங்கள் கரும்புக்கான பணத்தைப் பேங்கில்தான் போடுவோம் என்று அடம்பிடித்த வருஷம், என் மகள் கவிப்பிரியா புனேயிலிருந்து வந்து எனக்கு ஏடிஎம் கார்டு வாங்கிக் கொடுத்தாள். என் செல்லில் எனக்குப் பச்சைப் பொத்தானைத் தவிர எதுவும் தெரியாது. அதனால் பேங்கில் தன் நம்பரையே எழுதிக் கொடுத்தாள்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டு மெஷினில் முதல்முறை நூறு எடுத்தேன். வெளியே வருவதற்குள் அவளிடமிருந்து போன்.

"நைனா, மெசேஜ் வந்துது. நூறு எடுத்தியா?"

"ஆங்."

"சரி, சாப்டியா?"

என் வீட்டுக்காரி ஜெயம்மா போய்ச் சேர்ந்த பிறகு அதைக் கேட்க வீட்டில் ஒரு நாதியில்லை. நானாகக் கூப்பிட்டால் மீட்டிங் என்பாள். விடுவேனா? தினமும் பஸ் ஏறிப் போய் நூறு எடுத்தேன். மாசக் கடைசியில் மொத்தத்தையும் பேங்கிலேயே திருப்பிக் கட்டுவேன்.

கவுண்ட்டரில் வசந்தி முறைப்பாள். "இன்னாங்க பெரியவரே, எடுத்துகினு போறீங்க, திரும்பக் கொண்டாந்து கட்றீங்க?"

"என் பணம், உனக்கு இன்னாமா?" என்பேன்.

போன தை மாசம் கார்டை மெஷின் மேலேயே மறந்து வைத்துவிட்டேன். ரகசிய நம்பர் 0365. எங்கள் திருத்தணி முருகன் மலைக்கு எத்தனை படியோ, அதுதான். ஊரில் பாதிப் பேர் அதையே வைத்திருப்பார்கள் என்று எடுத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பத்தாயிரம் போயிற்று.

அன்றைக்கு அவள் ஏழு தடவை கூப்பிட்டாள். திட்டினாள், அழுதாள், தண்ணீர் குடி என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வருஷக்கணக்காகிறது.

பிறகு ஒரு பாரத்தைத் தபாலில் அனுப்பி, கையெழுத்துப் போட்டு பேங்கில் கொடுக்கச் சொன்னாள். என்ன ஏது என்று கேட்காமல் கொடுத்தேன், முட்டாள்.

புதுக் கார்டில் நூறு எடுத்துவிட்டு வெளியே நின்றேன். செல் ஒரேயொரு முறை கூவியது. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். குரல் இல்லை. நானே கூப்பிட்டேன்.

"இனிமே மெசேஜ் உனக்கே வரும் நைனா. யாராச்சும் எடுத்தா உடனே தெரிஞ்சிக்கலாம். மீட்டிங்ல கீறேன், அப்பால பேசறேன்."

பத்து நாள் கழித்து செல் அடித்தது. விழுந்தடித்து எடுத்தேன். பேங்கிலிருந்து ஒரு பெண்.

"சார், எங்க சேவை உங்களுக்குத் திருப்தியா இருக்குங்களா?"

"ஆங், ரொம்பத் திருப்திமா. நீ சாப்டியா?" என்றேன்.

அவள் அடுத்த கேள்வியைப் படித்தாள்.